முயலுக்கு மூன்றே கால்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் பற்றித் தமிழில் ஒரு பழமொழி உண்டு. முயலைக் கையிலேயே வைத்திருந்தும் அதன் கால்களை எண்ணிப் பார்க்க மறுப்பவரின் பிடிவாதத்தை அது எள்ளி நகையாடுகிறது. படக்கதைகளைப் பற்றித் தமிழ்க் கல்வியாளர் சிலர் கொண்டிருக்கும் கருத்து, அப்பழமொழிக்கு எழுதப்பட்ட விளக்கவுரை போல அமைந்துவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழமொழியில் வருபவர் முயலைப் பிடித்தாவது இருந்தார்; இவர்களோ பிடிக்காத முயலுக்குக் கால் எண்ணுகின்றனர்.

வகுப்பறையில் மேசைக்கடியில் ஒளித்துப் படக்கதை படிக்கும் மாணவன் பிடிபடுகிறான். நூல் பறிக்கப்படுகிறது. அட்டையில் ஜப்பானிய உடை அணிந்து, இடையில் இரு வாள்களைச் செருகி, நீண்ட காதுகளை உச்சியில் குடுமியாக முடிந்த முயல் ஒன்று நிற்கிறது. "முயலும் பன்றியும் பேசுகிற கதையா? இந்த வயதிலா?" என்ற ஏளனத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நூல் திறக்கப்படவே இல்லை. தீர்ப்பு மட்டும் வழங்கப்பட்டுவிட்டது.

அந்த முயலின் பெயர் மியாமோட்டோ உசாகி. அது தோன்றும் தொடரின் பெயர் 'உசாகி யோஜிம்போ'. 'முயல் மெய்க்காவலன்' என்பது அதன் பொருள். அத்தொடரின் தொடக்கத் தொகுதிகளைச் சான்றாக நிறுத்தி, படக்கதையின் மீது சுமத்தப்படும் குற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்வது இங்குத் தகும். குற்றம் சாட்டுவோர்க்குச் சான்று கேட்கும் பழக்கம் இல்லை. எனினும் வழக்கு என்று வந்துவிட்டால் சான்றைக் காட்டுவதே முறை.

படைத்தவரும் படைப்பும்

ஸ்டான் சக்காய் 1953ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தவர். ஹவாய்த் தீவுகளில் வளர்ந்தவர். பிறர் படைத்த படக்கதைகளுக்கு எழுத்து வரைந்து கொடுக்கும் பணியும் செய்தவர். செர்ஜியோ அரகோனஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் 'குரூ' தொடரில் உள்ள உரையாடல் எழுத்துகள் அவர் கைவண்ணமே.

ஜப்பானிய வாள்வீரர்களுள் தலைசிறந்தவராகப் போற்றப்பெறும் மியாமோட்டோ முசாஷி 1645இல் மறைந்தவர். அவருடைய வாழ்வைத் தழுவி ஒரு கதை வரையச் சக்காய் எண்ணினார். ஒரு நாள் முயலொன்றை வரைந்து, அதன் காதுகளைச் சாமுராய் வீரர்களின் குடுமி போல முடிந்து பார்த்தார். அவ்வுருவம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. முசாஷி முயலானார். 1984ஆம் ஆண்டு 'ஆல்பிடோ' என்னும் இதழின் இரண்டாம் வெளியீட்டில் உசாகி முதன்முதலாகத் தோன்றினான். 1987இல் முதல் தொகுதி நூலுருப் பெற்றது. முதல் ஏழு தொகுதிகளை அமெரிக்காவின் ஃபேன்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் வெளியிட்டது.

கதை நிகழும் காலம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம். அடாச்சிகஹாரா போரில் தலைவன் மிஃபூனே வீழ்ந்துவிட, அவனுக்கு மெய்க்காவலனாக இருந்த உசாகி ஊர் ஊராகத் திரிகிறான். தலைவனை இழந்த சாமுராயை ஜப்பானியர் ரோனின் என்பர். காண்டாமிருகம் கென் பரிசுப் பணத்துக்காகக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கிறது. தோமோயே ஆமே என்னும் பூனை, இளம் பிரபு ஒருவரைக் காக்கும் வீராங்கனை. அவ்வுலகில் மனிதருக்குரிய இடமெல்லாம் விலங்குகளுக்கே. கதை இதுதான். இனிக் குற்றச்சாட்டுகளுக்கு வரலாம்.

விலங்கு பேசுவது சிறுமையா?

விலங்கு பேசும் கதை அறியாப் பிள்ளைகளுக்கே உரியது என்பது முதற் குற்றச்சாட்டு. இதனைத் தமிழாசிரியர் ஒருவர் சொல்வதுதான் வியப்பிலும் வியப்பு. பஞ்சதந்திரம் யாருக்காகச் சொல்லப்பட்டது? தொட்டிலில் கிடந்த மழலைக்கா? அரசாள வேண்டிய இளவரசர்க்கு அரசியல் புகட்டவே அது சொல்லப்பட்டதாக அந்நூலே கூறுகிறது. நரியும் காளையும் சிங்கமும் பேசிய பேச்சில் அமைச்சியல் அடங்கியிருந்தது. 1835ஆம் ஆண்டு மலாக்காவில் முன்ஷி அப்துல்லா அந்நூலைத் தமிழிலிருந்து மலாய் மொழிக்குப் பெயர்த்தார். மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்பெறும் அவ்வறிஞர், தமிழிலிருந்து கொள்ளத்தக்கதாகக் கண்ட செல்வங்களுள் ஒன்று பேசும் விலங்குகளின் கதை. அந்த மண்ணிலேயே தமிழ் கற்பிப்பவர், விலங்கு பேசினால் அது இலக்கியமன்று என்று இன்று உரைப்பது என்ன நீதி?

ஆயின், பழமையைக் காட்டி மட்டும் புதுமையைக் காத்துவிட முடியாது. சக்காயின் நூல் தன் வலிமையால் நிற்கிறதா என்பதே கேள்வி. நிற்கிறது. காரணம், பழைய விலங்குக் கதை எங்கே நின்றுவிட்டதோ அங்கிருந்து அது மேலும் ஓர் அடி எடுத்து வைக்கிறது. பழைய கதையில் நரி என்றால் வஞ்சகம், கழுதை என்றால் மடமை. உருவம் தெரிந்தவுடன் குணமும் தெரிந்துவிடும். சக்காயின் கதையிலோ உருவம் ஓர் எதிர்பார்ப்பை எழுப்புகிறது. கதை அதனை முறிக்கிறது.

படைச்செருக்கைப் பாட வந்த வள்ளுவர், முயலை எய்வதை வீரமாகக் கொள்ளவில்லை. எளிய இலக்கு என்பதற்கே முயல் அங்கு எடுத்துக்காட்டாயிற்று. அத்தகைய எளிய உயிரின் கையில் வாளைக் கொடுத்தார் சக்காய். பஞ்சதந்திரத்து முயல் சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திக் கொன்றது. உசாகியோ சிங்கத்தின் வாயிலில் அமர்ந்து, தன்னை மாணவனாக ஏற்கும்வரை காத்துக் கிடக்கிறான். இரண்டாம் தொகுதியாகிய 'சாமுராய்' இதனை விரித்துரைக்கிறது. பெயர்பெற்ற வாட்பள்ளியில் சேரப் புறப்பட்ட சிறுவன், அப்பள்ளி மாணவர் சிலர் வழியில் ஒரு முதியவரைத் தாக்குவதையும், முதியவர் அவர்களை எளிதாக அடக்கிவிடுவதையும் காண்கிறான். புகழ் பெற்ற பள்ளியை விடுத்து, பெயரறியாத அம்முதியவரைத் தேர்ந்தெடுக்கிறான். கட்சுயிச்சி என்னும் அச்சிங்க ஆசான், மாணவனை எளிதில் ஏற்பதில்லை. கல்வி என்பது நற்பெயர் பெற்ற கட்டடத்தில் இல்லை, கற்பிப்பவரின் தகுதியில் இருக்கிறது என்னும் இக்கதையைப் பறித்து வைத்துக்கொண்டவரும் ஓர் ஆசிரியரே என்பதை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. பின்னர் வருத்தம் வருகிறது.

ஜாட்டோ இனோ என்னும் பாத்திரத்தைக் காண்க. அது பன்றி, பார்வையற்றது, மோப்பத்தையும் செவியையும் துணைகொண்டு வாள் சுழற்றுவது. தலைக்கு விலை வைக்கப்பட்ட கொலையாளி. ஆயின் அவன் வேண்டுவதெல்லாம் தொல்லையின்றி வாழ ஓர் இடம். துரத்துவோர் இருக்கும்வரை அவனால் வாளைக் கீழே வைக்க இயலாது. வாளைக் கீழே வைக்காதவரை துரத்துவோரும் ஓயமாட்டார். இந்தச் சுழலை ஒரு பன்றியின் முகத்தில் காட்டி, படிப்பவன் நெஞ்சில் இரக்கத்தை எழுப்புவது சிறுபிள்ளை விளையாட்டா?

கற்பனையின் தன்மையையும் இங்கேயே குறித்தல் வேண்டும். உசாகியின் முதற்கதை பூதக் கதை. பனிக்காலத்தில் ஒரு மூதாட்டியின் குடிசையில் ஒதுங்கும் உசாகி, அவ்விடத்தை அச்சுறுத்தும் பூதத்தை எதிர்கொள்கிறான். இறுதியில் பூதம் எனப்பட்டது, போர்க்களத்தில் தலைவன் மிஃபூனேயைக் காட்டிக்கொடுத்த தளபதியே என்பது வெளிப்படுகிறது. காட்டிக்கொடுத்தவன் மனிதத்தன்மை இழந்து பூதமாகிறான் என்பதை எந்த அறவுரையும் கூறாமல் சில பக்கங்களில் கூறிவிட்டது படம். கற்பனை உண்மைக்குப் பகை என்பவர் இதற்கு என்ன மறுமொழி சொல்வர்?

வாள் உள்ளத்தைக் கெடுக்குமா?

இரண்டாம் குற்றச்சாட்டு வன்முறை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1954ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம், குற்றக் கதைகளும் திகில் கதைகளும் நிறைந்த படக்கதை நூல்களே இளைஞரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில் அந்நாட்டு மேலவைக் குழு ஒன்று விசாரணை நடத்தியது. அஞ்சிய வெளியீட்டாளர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை நெறியை விதித்துக்கொண்டனர். பல இதழ்கள் மறைந்தன. உலகெங்கும் ஆசிரியர் பலர் படக்கதையை ஐயத்தோடு நோக்கும் பழக்கத்துக்கு வெர்த்தமின் நூலும் ஒரு காரணமாயிற்று. ஆனால் 2012இல் கேரல் டில்லி என்னும் ஆய்வாளர், வெர்த்தம் விட்டுச்சென்ற மூலக் குறிப்புகளை அவர் நூலோடு ஒப்பிட்டு நோக்கி, அவர் தம் சான்றுகளைத் திரித்தும் மிகைப்படுத்தியும் பயன்படுத்தியிருப்பதை வெளிப்படுத்தினார். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற தீர்ப்பின் அடித்தளம் அவ்வளவுதான்.

எல்லாப் படக்கதையும் தீங்கற்றது என்று இதனால் சொல்லப்படவில்லை. குருதியைக் காட்டிக் காசு சேர்க்கும் நூல்கள் உண்டு. அவற்றை ஒதுக்குவது ஆசிரியரின் கடமை. ஆயின் ஒதுக்குவதற்கும் படித்தாக வேண்டும் அன்றோ? உசாகியின் தொடக்கத் தொகுதிகளைப் படித்தவர் இருவகை நூலுக்கும் உள்ள வேறுபாட்டை உடனே உணர்வர். அங்குப் போர் உண்டு, சாவு உண்டு. ஆனால் குருதி கொப்பளிக்கும் காட்சிகளில் ஓவியர் மகிழ்வதில்லை. மாய்பவர் வாயிலிருந்து பேச்சுக் குமிழி ஒன்று எழும். அதில் சொல்லுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு மண்டையோடு இருக்கும். பேச்சு இருந்த இடத்தில் இனிப் பேச்சில்லை என்பதே அக்குறியின் பொருள். சாவைக் கொண்டாடாமல் சாவைக் காட்டும் முறை இது.

வாளின் விலை என்ன என்பதையும் இந்நூல்கள் மறைக்கவில்லை. 'சாமுராய்' தொகுதியின் வாழ்க்கை வரலாறு எப்படித் தொடங்குகிறது? உசாகி, முன்பு தன்னோடு ஒரே தலைவனுக்குத் தொண்டாற்றிய குனிச்சி என்பவனைச் சந்திக்கிறான். போர்க்களத்தில் தலைவனைக் கைவிட்டு ஓடியவன் அவன். இருவரும் வாள் பொருதுகின்றனர், குனிச்சி மடிகிறான். வென்றவன் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. அருகிலிருந்த கென்னிடம் தன் கதையைச் சொல்லத் தொடங்குகிறான். ஒரு சாவுக்குப் பின்னரே ஒரு வாழ்வு நினைவுகூரப்படுகிறது. பிறிதொரு கதையில் பிறந்த ஊருக்குத் திரும்பும் உசாகி, இளமையில் நேசித்த மாரிகோ, ஊர்த்தலைவனாகிய கெனிச்சியின் மனைவியாக வாழ்வதைக் காண்கிறான். வாளைத் தேர்ந்தவன் இழந்தது எது என்பதை அவ்வூரின் தெருக்களே சொல்கின்றன. அவன் மீண்டும் வழிநடக்கிறான். வீரத்தைப் பாடும் நூல்கள் பல. வீரத்துக்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எழுதும் நூல்கள் சில. இஃது அச்சிலவற்றுள் ஒன்று.

நான்காம் தொகுதியாகிய 'டிராகன் முழக்கச் சதி' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தமகுரோ என்னும் பிரபு ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கிகளை மறைவாகக் குவிக்கிறான். டிராகனின் முழக்கம் என்பது துப்பாக்கியின் ஓசையே. ஆண்டுக்கணக்கில் பயின்ற வாட்கலையை, ஒரு நாள் பயின்ற விரல் அழித்துவிடும் காலம் நெருங்குவதை அக்கதை உணர்த்துகிறது. ஜப்பானிய வரலாற்றின் ஒரு திருப்புமுனை, பதின்ம வயது மாணவன் நெஞ்சில் பதியும்படி அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. இதனைச் சண்டைப் புத்தகம் என்று பெயரிட்டு ஒதுக்குபவர், பாரதத்தையும் அப்பெயரிட்டு ஒதுக்க வேண்டியிருக்கும்.

அயலார் கதை நமக்கு எதற்கு?

மூன்றாம் குற்றச்சாட்டே இவற்றுள் கனமானது. ஜப்பானியர் கதையை ஆங்கிலத்தில் படிப்பதால் தமிழ் மாணவனுக்கு என்ன பயன்? படம் பெருகப் பெருகச் சொல் தேயாதா? இக்கவலையில் உண்மை இருக்கிறது. ஆகவே இதற்கு ஏளனம் மறுமொழி ஆகாது.

முதலில், சொல் தேய்கிறதா என்று பார்க்கலாம். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே நிகழ்ந்ததைப் படிப்பவனே கட்டியெழுப்ப வேண்டும். சக்காய் பல பக்கங்களில் ஒரு சொல்லும் எழுதாமல், வயலையும் மழையையும் நடந்து செல்லும் உருவத்தையும் மட்டும் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் நிறுத்துகிறார். அம்மௌனத்தைப் படிக்கத் தெரிந்தவனே செய்யுளின் குறிப்புப் பொருளையும் படிக்கத் தெரிந்தவன் ஆவான். உள்ளுறையையும் இறைச்சியையும் கற்பிக்க முயன்று களைத்த தமிழாசிரியர்க்கு இது பகையன்று. எதிர்பாராது வந்த துணை.

மேலும், சக்காய் தம் முன்னோரின் சொற்களை ஆங்கிலத்தில் கரைத்துவிடவில்லை. ரோனின், டைம்யோ போன்ற சொற்களை அப்படியே வைத்து, வேண்டும் இடத்தில் பக்கத்தின் அடியில் பொருள் தருகிறார். அயல்மொழியில் எழுதினும் மூதாதையர் சொல்லை வெட்கமின்றி நிறுத்தும் துணிவு அது.

எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணத்தக்கது இன்னொன்று. சக்காய் ஜப்பானில் வளர்ந்தவர் அல்லர். முன்னோரின் நாட்டிலிருந்து கடல்கடந்த தீவில், வேறொரு மொழி ஆளும் சூழலில் வளர்ந்தவர். கடல்கடந்த மண்ணில் தமிழைக் காக்கும் கடமை பூண்டோருக்கு இந்நிலை புதியதா? முன்னோரின் பண்பாட்டை அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கொடுப்பது என்னும் அதே கேள்வி அவர் முன்னும் நின்றது. அதற்கு அவர் பழம்பெருமைச் சொற்பொழிவை மறுமொழியாகத் தரவில்லை. பட்டம் செய்பவன் ஒருவனை வரைந்தார்.

ஐந்தாம் தொகுதியில் வரும் பட்டக் கதை, பெரும் பட்டம் ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதைக் கைத்தொழிலாளியின் பொறுமையோடு காட்டுகிறது. பின்னர் அதே விழா, பட்டம் செய்தவன், சூதாடி, ரோனின் ஆகிய மூவர் பார்வையில் மும்முறை சொல்லப்படுகிறது. ஒரே நாள், மூன்று உண்மை. கைத்தொழிலின் மதிப்பையும், உண்மையின் பல முகத்தையும் ஒரு சிறுகதையில் கற்ற மாணவன், 'நம் முன்னோர் பெருமை மிக்கவர்' என்று நூறு முறை எழுதிய மாணவனைக் காட்டிலும் பண்பாட்டை நன்கு உணர்ந்திருப்பான்.

1990இல் இத்தொடருக்கு அமெரிக்காவின் 'பெற்றோர் தேர்வு' விருது கிடைத்தது. 2011இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள ஜப்பானிய அமெரிக்கர் தேசிய அருங்காட்சியகம், சக்காயின் முயலுக்கென ஒரு கண்காட்சியையே நடத்தியது. புலம்பெயர்ந்த ஒரு சமூகம், தன் வரலாற்றைக் காக்கும் கூடத்தில் ஒரு படக்கதை முயலுக்கு இடம் கொடுத்தது. பிற சமூகம் அருங்காட்சியகத்தில் வைப்பதைத் தமிழ் வகுப்பறை மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கிறது.

குறைகள் இல்லையா?

உண்டு. முதல் தொகுதியின் ஓவியத்தில் பின்னாளைய முதிர்ச்சி இல்லை. உசாகியின் உருவம் குட்டையாகவும் தடித்தும் இருக்கிறது. தொடக்கக் கதைகள் சில மிகச் சுருங்கியவை. இறுதித் திருப்பத்தை நம்பியே நிற்பவை. அடியாட்கள் கூட்டம் கூட்டமாக வந்து மாய்வதும் உண்டு. அவர்களுக்கு அழுபவர் யார் என்று கதை எப்போதும் கேட்பதில்லை. இவற்றை மாணவரோடு அமர்ந்து பேசினால் அதுவே திறனாய்வுப் பாடம். குறை காண்பதும் கற்பித்தலே; ஆனால் அது நூலைத் திறந்த பின் நிகழ வேண்டியது.

தமிழ்ச் சிறுவர் இலக்கியம் படைப்போரும் இங்கே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. விலங்குக் கதை எழுதியவுடன், 'இக்கதையால் அறியப்படும் நீதி யாதெனில்' என்று ஒரு வரி சேர்க்காமல் பலர் பேனாவை மூடுவதில்லை. அவ்வரி, படிப்பவன் அறிவின் மீது எழுதியவர் கொண்ட ஐயம். சக்காய் அவ்வரியை எழுதவில்லை. கதையை நம்பினார், படிப்பவனையும் நம்பினார். நம்பப்பட்டவன் மீண்டும் மீண்டும் அந்நூலைத் தேடி வருகிறான். நம்பப்படாதவன் தேர்வு முடிந்ததும் நூலை மூடிவிடுகிறான். தமிழ் நூலைத் தேர்வுக்காக மட்டும் தொடும் தலைமுறை உருவாகிறதே என்று மேடைதோறும் வருந்துவோர், காரணத்தை அந்த ஒரு வரியில் தேடிப் பார்க்கலாம்.

படிக்காமல் பழிப்பவர் மாணவனிடமிருந்து ஒரு நூலை மட்டும் பறிக்கவில்லை. நூலைத் திறக்காமலே அதன் தகுதியைத் தீர்மானிக்கலாம் என்னும் பாடத்தையும் அவனுக்குக் கற்பித்துவிடுகின்றனர். அவன் நல்ல மாணவன் என்றால் அப்பாடத்தை நன்றாகவே கற்றுக்கொள்வான். நாளை அவன் கையில் சிலம்பு கொடுக்கப்படும்போது, 'சிலம்பைப் பற்றி ஒரு கதையா? இந்தக் காலத்திலா?' என்று அவனும் திறக்காமலே ஒதுக்குவான். அன்று அவனைக் கடிந்துகொள்ள அவர்களுக்கு என்ன உரிமை இருக்கும்?

ஆகவே மேசை இழுப்பறையில் கிடக்கும் அந்நூலை ஆசிரியர் ஒரு மாலைப் பொழுதில் எடுத்துப் படிக்கட்டும். பிடிக்காவிட்டால் மறுநாள் வகுப்பில் காரணத்தோடு மறுக்கட்டும். மாணவன் காரணத்தோடு எதிர்வாதம் செய்யட்டும். அந்த வாதம் தமிழில் நடக்கட்டும். அவ்வகுப்பில் தமிழ் தேயாது, வளரும். முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்போர்க்கு இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும்: சக்காயின் முயல் இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கிறது. நூலைத் திறந்தவர்க்கு முதற்பக்கத்திலேயே அது தெரியும்.